செபதேயுவின் மடியில் கிடந்த வலை

தங்கச்சிமடம் சந்தியாகப்பர் கோயில் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் போவது எங்கள் வீட்டு வழக்கம். சந்தியாகப்பர் என்றால் இயேசுவின் சீடர் யாக்கோபு, மீன்பிடிகாரர் செபதேயுவின் மகன். ஜூலை 25 அவருடைய திருநாள். நாங்கள் பரமக்குடிக்காரர்கள். கடலோடு எங்களுக்குத் தொழில் தொடர்பு எதுவும் கிடையாது. மகன் கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் துவண்டு போய்விட்டான். அப்போது என் மனைவி வேண்டிக்கொண்டது இந்தக் கோயில். அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் மூன்று பேருமாகப் போவோம். இந்த வருடம் நான் மட்டும் போனேன். மனைவிக்கு மூட்டுவலி. மகன் ஜூன் மாதமே குருமடத்தில் சேர்ந்துவிட்டான்.

அவன் சாமியாராகப் போகிறேன் என்று சொன்னபோது நான் சந்தோஷப்படவில்லை. அதை இங்கே மறைக்காமல் எழுதிவிடுகிறேன். ஒரே மகன். கல்லூரி முடித்து ஒரு வருடம் வேலையும் பார்த்தவன். ஊரெல்லாம் கொடுத்து வைத்தவர் என்று என் கையைப் பிடித்துச் சொன்னார்கள். எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை. அவன் கிளம்பிய அன்று வழியனுப்பப் பேருந்து நிலையத்துக்குக்கூட நான் போகவில்லை. வாசலில் நின்று கையை நீட்டினான். வலது கை ஆள்காட்டி விரலில் அந்தத் தழும்பு தெரிந்தது. நான் "சரி, பத்திரம்" என்று மட்டும் சொன்னேன்.

அந்தத் தழும்பு தூண்டில் போட்டதில் வந்தது.

எனக்குத் தூண்டில் பழக்கியவர் என் அப்பா. கண்மாய்க் கரையில் மயில் இறகின் தண்டை நறுக்கித் தக்கையாகக் கட்டி, மண்புழுவைக் கோர்த்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தால் வெயில் தலைக்கு வரும்வரை பேசமாட்டார். கெளுத்தி கொத்தினால் தக்கை எப்படி ஆடும், விரால் இழுத்தால் எப்படி ஒரே முங்காக முங்கும் என்று அவர் வாயால் சொன்னதில்லை. பார்த்துப் பார்த்து வந்ததுதான். நானும் என் மகனை அப்படித்தான் உட்கார வைத்தேன். செபம் சொல்லக் கற்றுக்கொடுத்தது அவன் அம்மா. சும்மா இருக்கக் கற்றுக்கொடுத்தது நான். கோயிலில் நற்கருணைக்கு முன்னால் ஒரு மணி நேரம் அசையாமல் அவன் முழந்தாளில் இருப்பதைப் பலர் ஆச்சரியமாகச் சொல்வார்கள். அது கண்மாய்க் கரையில் வந்த பழக்கம் என்று எனக்குத் தெரியும்.

அவனுக்குப் பதினொரு வயதிருக்கும்போது ஒரு திருவிழாவுக்கு முதல் நாள் பாம்பன் கரையில் கைத்தூண்டில் போட்டோம். இறாலை உரித்துக் கோர்த்திருந்தோம். ஒரு பாறை மீன் எடுத்துவிட்டது. சின்ன மீன் இல்லை. தூண்டில் நரம்பு வெட்டிக்கொண்டு ஓடுகிறது. "விட்டுக் கொடுடா, விட்டுக் கொடு!" என்று கத்துகிறேன். கைக்கு வந்த மீன் போய்விடுமே என்ற பயத்தில் அவன் நரம்பை விரலில் சுற்றி இறுக்கிப் பிடித்துவிட்டான். நரம்பு விரலை அறுத்தது. அப்புறம் அதுவும் அறுந்தது. ரத்தம் சொட்டச் சொட்ட அவன் அழுதது மீனுக்காகத்தான். அன்றைக்குக் கைக்குட்டையால் கட்டுப் போட்டுக்கொண்டே சொன்னேன்: அது ஓடும்போது விடணும், நிற்கும்போது இழுக்கணும், விடுறதுக்கு பயந்தவனுக்குப் பெரிய மீன் கிடைக்காது.

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

24-ம் தேதி காலையில் ராமேஸ்வரம் பேருந்தில் ஏறினேன். ராமநாதபுரம் தாண்டி உச்சிப்புளி வந்ததுமே காற்றில் உப்பு தெரிய ஆரம்பித்துவிடும். மண்டபத்துக்கு முன்னால் வேதாளை. பேருந்து அதிக நேரம் நிற்காத ஊர். எப்போதும் நான் அங்கே சிலுவை போட்டுக்கொள்வேன். இயேசு சபையின் முதல் இரத்தசாட்சி என்று சொல்லப்படும் அந்தோணி கிரிமினாலி கொல்லப்பட்டது அங்கேதான், 1549-ல். இத்தாலியிலிருந்து வந்தவர். படை வந்தபோது கிறிஸ்தவர்களைப் படகேற்றிவிட்டுத் தான் கரையில் நின்றுவிட்டவர். இவ்வளவு வருடமாக அவரை நினைத்துத்தான் சிலுவை போட்டிருக்கிறேன். அவருக்கும் இத்தாலியில் ஒரு தகப்பனார் இருந்திருப்பார் என்பது இந்த முறைதான் மனதில் பட்டது.

பிப்ரவரியில் ஓரியூருக்குப் போயிருந்தோம். 1693 பிப்ரவரி 4-ல் அருளானந்தர், அதாவது போர்ச்சுகலிலிருந்து வந்த ஜான் டி பிரிட்டோ சாமியார், தலை வெட்டுண்ட இடம். அந்தச் சிவப்பு மண்ணைக் காகிதத்தில் மடித்துக்கொண்டே என் மனைவி சொன்னாள், "இவரோட அம்மாவும் முதல்ல விடலையாமே." உண்மைதான். லிஸ்பனில் பெரிய குடும்பம். மகன் இந்தியாவுக்குக் கப்பலேறுவதைத் தடுக்க அந்தத் தாய் போப்பரசரின் தூதர் வரைக்கும் போய் மன்றாடியிருக்கிறாள். என் மனைவி அதை எனக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொன்னாளா, நான் கேட்கவில்லை.

பாம்பன் பாலத்தில் ஏறியதும் பேருந்தே ஒரு பக்கமாகச் சாயும் அளவுக்குக் காற்று. ஜூலையில் தென்கடல் அப்படித்தான் இருக்கும், மன்னார் வளைகுடா முழுக்க வெள்ளை நுரை. 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலத்தைப் பார்க்க எல்லோரும் ஜன்னல் பக்கம் எழுந்தார்கள். பக்கத்திலேயே 1914-லிருந்து ரயிலைச் சுமந்த பழைய பாலமும் நின்றது.

தங்கச்சிமடத்தில் இறங்கிக் கோயிலில் கும்பிட்டுவிட்டு வடக்குக் கரைக்கு நடந்தேன். தென்காற்றுக் காலத்தில் வடகடல் குளம் மாதிரி கிடக்கும். திருவிழா என்பதால் வள்ளங்கள் கரையில் இருந்தன. ஒரு பூவரச மரத்தடியில் பெரியவர் ஒருவர் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். வயது எழுபதுக்கு மேல் இருக்கும். நான் சற்றுத் தள்ளித் தூண்டிலை வீசிவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

வலையின் ஒரு ஓரத்தைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். வலது கையில் நூல் சுற்றிய வலை ஊசி. கிழிந்த இடம் உள்ளங்கை அகலம்தான் இருக்கும். பேத்தை மீன் கடித்தது என்றார். நான் அந்த ஓட்டையை அவர் அப்படியே பின்னி மூடுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு சின்னக் கத்தியை எடுத்து அதைச் சுற்றி இன்னும் வெட்டினார். ஓட்டை இரண்டு மடங்கானது.

"ஏன் ஐயா, பெரிசாக்குறீங்க?"

"அறுந்த வலைக்கண்ணுல முடிச்சுப் போட்டா சுருட்டிக்கும் தம்பி. நல்ல கண்ணு வரைக்கும் வெட்டிட்டுத்தான் பொத்தணும்."

வெட்டிப் போட்ட நூல் துணுக்குகளைக் காற்று மணலில் உருட்டிக்கொண்டு போனது. அப்புறம் ஊசி உள்ளே போய் வெளியே வந்தது. ஒவ்வொரு முடிச்சுக்கும் நூலைச் சுண்டுவிரலால் ஒரு தட்டு தட்டி இறுக்கினார். கண் அளவைப் பார்க்க அவர் குனியவே இல்லை. விரல்தான் அளவு. முன்பு இந்த வேலையை மகன்கள் கூட உட்கார்ந்து செய்வார்களாம், இப்போது அவர்கள் வேறு வேலைக்குப் போய்விட்டார்களாம். அதை அவர் குறையாகச் சொல்லவில்லை. நூலைக் கடித்துத் துப்பிவிட்டு அடுத்த கிழிசலைத் தேடினார்.

எனக்கு மூன்று கிழங்கான் மீன் விழுந்தது. எல்லாமே விரல் நீளத்துக்குச் சற்று அதிகம். அவரிடமே கொடுத்துவிட்டு எழுந்தேன்.

இரவு தேர்பவனி. மெழுகுவர்த்தி, வாத்தியம், மணலில் கால் புதையப் புதையக் கூட்டம். எங்கள் பக்கத்தில் பல ஊர்களில் சந்தியாகப்பரை வெள்ளைக் குதிரை மேல் வாள் பிடித்தவராகத்தான் வைத்திருப்பார்கள். யாக்கோபு என்ற பெயர் போர்த்துகீசியர் வாயில் சந்தியாகோ ஆகி நம்மிடம் சந்தியாகப்பர் ஆனது. குதிரையும் அவர்களோடு வந்ததுதான். எனக்கு அவர் எப்போதும் படகில் இருந்தவர். அவரிடம் வேண்டும்போதெல்லாம் மீன் வாடை அடிக்கும் ஒருவரிடம் பேசுகிற உரிமையோடுதான் பேசியிருக்கிறேன். அன்று இரவு என்னால் எதுவும் கேட்க முடியவில்லை. தேர் கடந்து போனதும் கோயில் மணலிலேயே துண்டை விரித்துப் படுத்துக்கொண்டேன்.

காலைத் திருவிழாப் பூசையில் வாசித்த நற்செய்தி மத்தேயு இருபதாம் அதிகாரம். செபதேயுவின் மனைவி இயேசுவிடம் வந்து, என் மகன்களில் ஒருவன் உமக்கு வலப்பக்கமும் ஒருவன் இடப்பக்கமும் உட்கார வேண்டும் என்று கேட்கிற இடம். ஒவ்வொரு வருடமும் இந்தத் திருநாளுக்கு இதே வாசகம்தான். கேட்டுக் கேட்டுப் பழகியது. இந்த வருடம் எனக்கு ஒன்றுதான் தோன்றியது: அம்மா வந்துவிட்டாள். அப்பா எங்கே?

செபதேயு நற்செய்தியில் ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. மாற்கு முதல் அதிகாரத்தில் அவர் படகில் இருக்கிறார். யாக்கோபும் யோவானும் அவரோடு உட்கார்ந்து வலைகளைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்கள். இயேசு கூப்பிடுகிறார். தகப்பனைக் கூலியாட்களோடு படகிலேயே விட்டுவிட்டு இரண்டு பேரும் போய்விடுகிறார்கள். அதோடு சரி. நாம் பிரசங்கம் கேட்பதெல்லாம் எழுந்து போனவர்களைப் பற்றித்தான். அந்த வலை பாதியில் நின்றிருக்கும் இல்லையா? மகன் பிடித்திருந்த ஓரம் தளர்ந்து அவர் மடியில் விழுந்திருக்கும். ஊசியை எடுத்து மீதியை அவர்தான் பொத்தியிருக்க வேண்டும். இரவு கடலுக்குப் போக வேண்டுமே.

அவர் தடுத்ததாக எழுதியிருக்கவில்லை. கத்தினார் என்றோ பின்னால் ஓடினார் என்றோ இல்லை. முன்பு அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதே கிடையாது. இப்போது அது எனக்கு அந்த அதிகாரத்திலேயே பெரிய காரியமாகப் பட்டது. ஓடுகிற நேரத்தில் விட்டுக் கொடுத்த மனுஷன். கலிலேயாவில் அவரைவிட நல்ல மீன்பிடிகாரர் யாரும் இருந்திருக்கமாட்டார் என்று நினைத்துக்கொண்டேன். முன் வரிசையில் பாடற்குழுவினர் பாடிக்கொண்டிருந்தார்கள். எனக்குக் கண்ணில் நீர் நிற்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா ஒருவர், திருவிழா நெரிசலில் ஏதோ பறிகொடுத்துவிட்டேன் என்று நினைத்திருப்பார் போல, "என்னண்ணே தொலைஞ்சு போச்சு?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

பூசை முடிந்து ஒரு தென்னை நிழலில் உட்கார்ந்து பைபிளைப் புரட்டினேன். யோவான் கடைசி அதிகாரத்தை நான் தூண்டில்காரனாகவே எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். இரவெல்லாம் ஒன்றும் விழாமல், விடியற்காலையில் வலப்பக்கம் வலை வீசி 153 பெரிய மீன் பிடித்த இடம். வலை கிழியவில்லை என்று அங்கே எழுதியிருப்பதில் எனக்கு எப்போதும் ஒரு திருப்தி. ஆனால் அன்றைக்கு இரண்டாம் வசனத்தில் நின்றுவிட்டேன். படகில் யார் யார் இருந்தார்கள் என்று சொல்கிறது: சீமோன் பேதுரு, தோமா, நத்தனியேல், அப்புறம் 'செபதேயுவின் மக்கள்'. சிலுவையும் உயிர்ப்பும் முடிந்துவிட்டன. எவ்வளவோ அற்புதங்களைப் பார்த்துவிட்டார்கள். அப்போதும் அவர்களுக்கு அப்பன் பேர்தான். அதே கடல்தான். வலை வீசிய கை, செபதேயு பழக்கிய கை.

கோயிலை விட்டுக் கிளம்புமுன் சாமியாரிடம் என் பாவங்களைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அங்கே சொன்னது அங்கேயே இருக்கட்டும். வாசலில் வழியனுப்பாமல் நின்றதையும் அதற்கு அடியில் கிடந்ததையும் சேர்த்துச் சொன்னேன், நல்ல கண் வரைக்கும்.

குருமடத்தில் ஞாயிற்றுக்கிழமை மாலையில்தான் வீட்டோடு பேச விடுவார்கள். ஆறு வாரமாக மனைவிதான் போனை எடுப்பாள். நான் திண்ணையில் இருந்துகொண்டு அவள் சொல்வதை மட்டும் கேட்பேன். அந்த ஞாயிறு மணி அடித்ததும் நான் எடுத்தேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. அம்மாவை எதிர்பார்த்திருப்பான்.

"அப்பா?"

"ம். தங்கச்சிமடம் போய்ட்டு வந்தேன்பா."

மறுபடியும் சத்தமில்லை. பிறகு கேட்டான்.

"தூண்டில் போட்டீங்களா? என்ன விழுந்துச்சு?"

"மூணு கிழங்கான். இறாலுக்கு."

"வடக்குக் கரையிலயா?"

"ஆமா, வடக்குக் கரையிலதான். தெக்க நல்ல காத்து," என்றேன். காற்று எப்படி அடித்தது என்று சொல்ல ஆரம்பித்தேன். மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். போனைக் கேட்கவில்லை.