மைனரின் பின் அக்சில்: 5.375 போய் 4.22 வந்த கதை

எங்கள் வீட்டு மொறிஸ் மைனர் கார் 1955ஆம் ஆண்டு சீரிஸ் II. வரும்போது அதில் இருந்தது 803 சிசி எஞ்சின், வெறும் 30 குதிரைவலு. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வராத காலத்தில் அந்த எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடியே தேய்ந்தது. கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பிறகு அப்பா அதைக் கழற்றிவிட்டு, மைனர் 1000 ஒன்றின் 948 சிசி எஞ்சினையும் கியர் பொக்ஸையும் பூட்டினார். பின் அக்சில் மட்டும் பழையதாகவே நின்றது.

அதுதான் எனக்கு நெடுநாள் உறுத்தல். பழைய அக்சிலில் பினியன் என்ற சின்னப் பற்சில்லுக்கு 8 பல், அது சுழற்றும் பெரிய கிறவுண் சில்லுக்கு 43 பல். அதாவது கார்ச் சில்லு ஒரு தரம் சுற்ற, கியர் பொக்ஸிலிருந்து அக்சிலுக்கு வரும் தண்டான புரொப் ஷாப்ட் 5.375 தரம் சுற்ற வேண்டும். வலுக்குறைந்த எஞ்சினையும் வைத்துக்கொண்டு இங்கிலாந்தின் மேடுகளில் ஏறச் செய்த கணக்கு அது. யாழ்ப்பாணத்தில் ஏறுவதற்கு மேடு எங்கே இருக்கிறது? 60 கிலோமீற்றர் வேகத்திலேயே எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்றுக்குக் கிட்டப் போய்க் கத்தும். உள்ளே கதைப்பது கேட்காது.

948 சிசி மைனரில் வந்த அக்சில் 41க்கு 9, அதாவது 4.555. 1962இல் 1098 சிசி எஞ்சின் வந்தபோது அதை 38க்கு 9 ஆக்கினார்கள், 4.22. நான் 4.555தான் தேடினேன். சாவகச்சேரிப் பக்கம் உடைத்துக்கொண்டிருந்த ஒரு காரில் கிடைத்தது 4.22. எண் குறையக் குறைய எஞ்சினுக்குப் பாரம் கூடும், அதனால் எங்கள் எஞ்சினுக்கு இது கொஞ்சம் கூடுதல்தான். ஆனாலும் தட்டையான நிலம், பெரும்பாலும் இரண்டு மூன்று பேர்தான் ஏறுவோம் என்று யோசித்துத் துணிந்து வாங்கினேன்.

வாங்க முன் அதே காரில் வைத்துச் சோதித்தேன். இதைப் பழைய அக்சில் வாங்கும் எவரும் செய்யலாம். நியூட்ரலில் போட்டு, ஒரு பின் சில்லு நிலத்தில் நிற்க, மற்றதை ஜக்கில் தூக்கி, அதைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். ஒரு பக்கம் அசையாமல் நிற்பதால், இரு பக்கச் சில்லையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் டிபரன்ஷியல் கணக்கைப் பாதியாக்கும். அதனால்தான் இரண்டு சுற்று. புரொப் ஷாப்டில் ஒரு சோக்கட்டிக் கோடு போட்டு எண்ணினால் விகிதம் வந்துவிடும். நாலு சுற்று முடிந்து, கால் சுற்றுக்குக் கொஞ்சம் முன்னால் கோடு நின்றது. 4.22 தான்.

அக்சிலை முழுதாகவே எடுத்தேன். கிறவுணும் பினியனும் ஒன்றோடொன்று பொருத்தித் தேய்ந்த சோடி. அதைப் பிரித்துக் கலந்தால் பிறகு ஆயுள் முழுக்க ஊளைச் சத்தம் கேட்கவேண்டியதுதான்.

முதல் ஞாயிறு கழற்றுவதிலேயே போய்விட்டது. பிறேக் குழாய், இரண்டு ஹாண்ட் பிறேக் கேபிள், புரொப் ஷாப்டின் நாலு போல்ட், சொக் அப்சோபரின் இணைப்பு எல்லாம் ஒழுங்காக வந்தன. அக்சிலை ஸ்பிரிங்கோடு பிடிக்கும் யூ போல்ட் மட்டும் துருவோடு துருவாக ஒட்டிக் கிடந்தது. இரண்டு நாள் ஒயில் ஊறவிட்டும் அசையவில்லை. கடைசியில் வெட்டித்தான் எடுத்தோம். இப்போது நாலும் புதிது.

புது அக்சிலைப் பூட்ட முன், சில்லைத் தாங்கும் ஹப்புகளின் ஒயில் சீலை மாற்ற நினைத்தேன். வலப்பக்கம் சுகமாகக் கழன்றது. இடப்பக்க நட்டோடு அரை மணித்தியாலம் மல்லுக்கட்டினேன். குழாய் போட்டு நீட்டிய ஸ்பனரில் தொங்கியும் பார்த்தேன். பக்கத்து வீட்டு மெக்கானிக் அண்ணை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, நீர் உதை இறுக்கிக்கொண்டு நிக்கிறீர். இடப்பக்கம் மறுபுரி" என்றார். வழக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகத் திருப்பியதும் கழன்றது. புரி கெடாதது என் நல்ல காலம்.

பூட்டுவது ஒரே நாளில் முடிந்தது. பின் டிறம் பழைய அக்சில், புது அக்சில் இரண்டிலும் 7 அங்குலம் என்பதால் பிறேக்கில் எதையும் மாற்ற வேண்டி வரவில்லை. பிறேக் குழாயில் புகுந்த காற்றை எடுக்கும்போது மட்டும் பொறுமை வேண்டும். மைனரின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே இருக்கிறது. விரிப்பைத் தூக்கி மூடியைத் திறந்துதான் பிறேக் ஒயில் விட வேண்டும். அப்புறம் அக்சிலுக்கு ஹைப்போயிட் 90 ஒயில், 0.85 லீற்றர். கியர் பொக்ஸுக்கு விடும் எஞ்சின் ஒயிலையே இதற்கும் விட்டுவிடாதீர்கள். ஹைப்போயிட் பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி அரைபடுவதால் சாதாரண ஒயில் அங்கே நின்று பிடிக்காது.

முதல் ஓட்டத்திலேயே இடப்பக்க டிறமில் ஒயில் கசிவு. சீல் புதிதுதான். ஆனால் சில்லைச் சுழற்றும் தண்டான அரை அக்சிலின் முகத்தில் இருந்த பழைய பேப்பர் காஸ்கெட் நன்றாக இருக்கிறதே என்று திரும்பப் போட்டிருந்தேன். காஸ்கெட், உள்ளே இருக்கும் றப்பர் வளையம் இரண்டையும் மாற்றி, ஒயில் பட்ட பிறேக் ஷூவையும் புதிதாகப் போட்டேன். பிறகு சொட்டு இல்லை.

போன ஞாயிறு அப்பாவையும் ஏற்றிக்கொண்டு ஏ9இல் ஆனையிறவு வரை போய் வந்தோம். 60இல் எஞ்சின் இப்போது 2350 அளவில்தான் சுற்றுகிறது. கொடிகாமம் தாண்டியதும் அப்பா தன் பாட்டில் கதைக்கத் தொடங்கினார், சத்தம் போடாமல். அது ஒன்றே எனக்குப் போதும். குறை இல்லாமல் இல்லை. புறப்படும்போது கிளச்சைக் கொஞ்சம் கூடுதலாக வழுக்கவிட வேண்டியிருக்கிறது. நல்லூர்த் திருவிழா நேரத்தில் ஐந்து பேரோடு ஊர்ந்து போவது இனிக் கஷ்டம்தான். அந்த நாட்களில் காரை வீட்டில் விட்டுவிடலாம்.

ஸ்பீடோமீற்றருக்குக் கேபிள் கியர் பொக்ஸிலிருந்து போவதால் அது இன்னும் பழைய அக்சில் என்றே நினைத்துக் குறைத்துக் காட்டுகிறது. வேறு மீற்றர் தேட வேண்டும் என்றுதான் இருந்தேன். போனில் ஜிபிஎஸ் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்த அப்பாதான் கண்டுபிடித்தார். மீற்றர் மைலில் 20 காட்டும்போது உண்மை வேகம் 41 கிலோமீற்றர், 30 காட்டும்போது 61, 40 காட்டும்போது 82. ஊசி காட்டுவதை இரண்டால் பெருக்கினால் கிலோமீற்றர் கணக்கு. மீற்றரை மாற்றவில்லை.