பதிவேட்டில் ஏறாத கம்பி

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் எம்.டி.எஃப். அறை என்று ஒன்று உண்டு. ஊரிலுள்ள கேபிள்களெல்லாம் தரைக்கடியிலிருந்து மேலேறி வந்து சேரும் இடம் அது. இரும்புச் சட்டங்களின் ஒரு பக்கத்தில் தெருவிலிருந்து வரும் கம்பி ஜோடிகள், மறுபக்கத்தில் எக்ஸ்சேஞ்சின் எண்கள். இரண்டையும் இணைப்பது ஜம்பர் என்கிற முறுக்கிய மெல்லிய கம்பி. எங்களிடம் இருந்தது சிவப்பும் வெள்ளையும் கலந்தது. மதுரை நகருக்குள் அப்படி ஓர் அறையில் பதினொரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். எந்த ஜம்பரைப் போட்டாலும் எடுத்தாலும் பதிவேட்டில் ஏற்ற வேண்டும் என்பது நான் கற்ற முதல் பாடம்.

1988 கோடையில் ஒரு மாலை, ஷிப்டு முடிகிற நேரத்தில் மேலதிகாரி கூப்பிட்டார். பக்கத்தில் சாதாரண உடையில் ஒருவர் நின்றிருந்தார். எந்த அலுவலகம் என்று சொல்லவில்லை. ஓர் எண்ணைக் கொடுத்து, அதில் பேசுவது வேறிடத்திலும் கேட்கும்படி அதிலிருந்து வேறொரு ஜோடிக்கு இணை போடச் சொன்னார்கள்.

“உத்தரவு, சார்?” என்றேன்.

“வாய்மொழிதான் தம்பி. நாட்டுப் பாதுகாப்பு விஷயம். பதிவேட்டில் ஏற்ற வேண்டாம்.”

போட்டேன். ஐந்து நிமிட வேலை. எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது, கைக்குழந்தை வேறு. பயந்துதான் செய்தேன் என்று சொன்னால் அது பாதி உண்மை. நாட்டுப் பாதுகாப்பு என்ற சொல் காதில் விழுந்ததும் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது என்பது மீதி.

பற்றவைத்த பிறகு சோதனைப் போனை மாட்டி, லைன் உயிரோடு இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கேட்டேன். ஒரு பெண்மணி தன் அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தார். “மாத்திரை சாப்பிடுகிறாள் என்று இப்போதே சொல்லிவிட வேண்டாம் அக்கா. மூன்று வருடமாக வலிப்பு வரவே இல்லையே. அவர்கள் பெண் பார்த்துவிட்டுப் போகட்டும்.” கிளிப்பைக் கழற்றிவிட்டேன். பிசின் புகை இன்னும் மூக்கிலேயே இருந்தது. செல்லூர்ப் பக்கம் நெசவாளர்களுக்காகச் சங்கம் நடத்திய ஒருவரின் வீட்டு எண் அது என்பது பிறகு தெரிந்தது. அந்தத் தாயின் பேச்சு அன்றிரவு யார் காதுக்குப் போனது, அந்த வரன் கூடியதா, நின்றதா, எனக்கு இன்றுவரை தெரியாது. பிறருடைய வீட்டுக் கவலையைத் திருடிக் கொடுத்தேன் என்பது மட்டும் தெரியும்.

அதே ஆண்டு ஆகஸ்டில், தொலைபேசி ஒட்டுக்கேட்புப் புகாரில் கர்நாடக முதலமைச்சர் ராமகிருஷ்ண ஹெக்டே பதவி விலகினார். இரவுப் பணியில் அந்தச் செய்தியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஒரு முதலமைச்சரே நாற்காலியை விட்டு இறங்கும் அளவுக்குப் பெரிய தவற்றை நான் ஐந்து நிமிடத்தில் செய்திருக்கிறேன் என்பது அன்றுதான் உறைத்தது.

காலையில் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் என்னோடு நடக்கும் நண்பர் காவல்துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். நேர்மையானவர். “அண்ணே, குண்டு வைக்கிறவன் நாம் ஃபைல் எழுதி முடிக்கும்வரை காத்திருப்பானா?” என்று கேட்பார். நியாயமான கேள்வி. நாட்டுக்கு ரகசியம் வேண்டும், உளவும் வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சட்டம் அந்தக் கதவை ஒருபோதும் மூடி வைக்கவில்லை. 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு, பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ காரணமாக இருந்தால், அந்தக் காரணத்தை எழுதிவைத்து ஆணையிட்டு ஒட்டுக்கேட்க அனுமதித்தது. 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அதற்கு முறை வகுத்தது: உள்துறைச் செயலாளரின் ஆணை வேண்டும், அது இரண்டு மாதம் செல்லும், நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, ஆணையை ஒரு குழு மறுபரிசீலனை செய்ய வேண்டும். அவசரத்துக்கும் வழி உண்டு. 2007இல் வந்த விதிப்படி, அவசரமென்றால் முதலில் கேட்கத் தொடங்கிவிட்டு மூன்று வேலைநாளுக்குள் தெரிவித்து, ஏழு வேலைநாளுக்குள் ஒப்புதல் வாங்க முடிந்தது.

இவ்வளவு அகலமான வாசல் இருக்கும்போது சுவரேறிக் குதிக்கிறவருக்கு என்ன அவசரம் இருக்க முடியும்? தன் பெயர் எங்கும் இருக்கக் கூடாது என்பதுதான். கையெழுத்துப் போட ஒருவரும் முன்வராத வேலையை நாட்டு நலன் என்று இனி யார் சொன்னாலும் நம்ப மாட்டேன்.

“ஒரு போன் விஷயத்தை வைத்துப் பெரிய முடிவுக்கு வராதீர்கள்” என்பார் நண்பர். பெரியதையும் மதுரையில் இருந்தே பார்த்திருக்கிறேன். 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு இலங்கைத் தமிழ் இளைஞர்களுக்கு நம் உளவுத்துறை ரகசியமாக ஆயுதப் பயிற்சி கொடுத்தது. நாடாளுமன்றத்தில் விவாதம் இல்லை, அறிவிப்பு இல்லை; வேறொரு நாட்டுக்குள் ஆயுதம் அனுப்புவதற்குச் சட்டமும் இல்லை. அது சரி என்றே நானும் நம்பினேன். கொழும்பில் கடைகள் எரிந்த செய்தி கேட்டு அழுத ஊர் இது. 1986 மே மாதம் இங்கே ஈழத் தமிழர் ஆதரவு அமைப்பான டெசோவின் மாநாடு நடந்தது. வாஜ்பாய் வந்தார், என்.டி.ராமராவ் வந்தார். அதே நாட்களில் யாழ்ப்பாணத்தில் புலிகள் இன்னொரு போராளிக் குழுவான டெலோ இயக்கத்தை அழித்துக்கொண்டிருந்தார்கள். இரு தரப்புமே நம்மிடம் பயிற்சி பெற்றவை. மறு ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தம் வந்தது, அமைதிப் படை போனது. நாம் பயிற்சி கொடுத்தவர்களோடு நம் சிப்பாய்களே போரிட்டு ஏறக்குறைய 1,200 பேர் உயிரிழந்தார்கள். 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூர். இவ்வளவுக்கும் அந்த ரகசியப் பயிற்சி ஒன்றுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தப் பாதை எங்கே போகிறது, எப்போது நிறுத்துவது என்று கேட்கும் உரிமையுள்ள ஒருவரிடமும் அது சொல்லப்படவில்லை. ரகசியமாகத் தொடங்கியதால் யாரும் தடுத்து நிறுத்தவும் முடியவில்லை.

என் கம்பிக்கும் அதுவே நேர்ந்தது. 1992இல் எங்கள் எக்ஸ்சேஞ்ச் எலெக்ட்ரானிக்காக மாறியது. பழைய சட்டங்களில் இருந்த ஜம்பர்களை வரிசை வரிசையாக உருவிக்கொண்டிருந்தோம். நான்காம் வரிசையில், தூசியேறி, சிவப்பு மங்கி, நான் பற்றவைத்த அதே கம்பி அப்படியே இருந்தது. உத்தரவிட்ட அதிகாரி மாற்றலாகிப் போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. சாதாரண உடையில் வந்தவரை அன்றைக்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. எடுக்கச் சொல்ல யாரும் வரவில்லை. தாளில் இல்லாத இணைப்புக்கு முடிவுத் தேதி எங்கிருந்து வரும்? ஏறக்குறைய நான்கு ஆண்டுகள் அந்த வீட்டின் பேச்சு இன்னொரு ஜோடியில் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. அந்த முனையில் யாராவது கேட்டார்களோ, வெறும் சுவர்தான் கேட்டதோ.

கம்பியை உருவி மேசையில் வைத்துவிட்டுப் பதிவேட்டைத் திறந்தேன். ஜோடி எண்ணையும் போட்ட தேதியையும் எடுத்த தேதியையும் எழுதினேன். இணைத்தவர் என்ற கட்டத்தில் என் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்திட்டேன். அடுத்த கட்டம் உத்தரவிட்டவர். வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தக் கட்டத்தைக் காலியாகவே விட்டுப் பதிவேட்டை மூடினேன்.