தேய்ந்த தூண்

இன்று காலை ஸ்ரீரங்கம் சித்திரை வீதியில் ஒரு வீட்டுத் திண்ணையை இடித்துக்கொண்டிருந்தார்கள்.

மரத்தூண் ஒன்று மண்ணில் கிடந்தது. ஆள் முதுகு சாயும் உயரத்தில் மட்டும் மரம் வழவழவென்று தேய்ந்து மின்னியது.

எத்தனை முதுகுகள்! எத்தனை சித்திரைத் தேர்!

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் இந்தத் தீவில், கோயிலே ஒரு ஊர். ஏழு திருச்சுற்றுகளில் உத்திர வீதி, சித்திரை வீதி, அடையவளஞ்சான் என்று வெளிச்சுற்றுகளில் இன்றும் குடித்தனம் நடக்கிறது. சமைக்கிறார்கள், கோலம் போடுகிறார்கள், சண்டை போடுகிறார்கள், எல்லாம் மதிலுக்குள்ளேதான்.

இந்த ஊர் பார்க்காததா? 1323இல் டில்லிப் படை வந்தபோது கோயிலின் உற்சவர் நம்பெருமாளே ஊரைவிட்டுப் போக வேண்டியிருந்தது. திரும்பி வந்தது 1371இல். நாற்பத்தெட்டு வருடம்! அப்புறம் 1752இல், இதே தீவில் ஒதுங்கிய பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. தெற்கே மொட்டைக் கோபுரமாக நின்றதுகூட 1987இல் பதின்மூன்று நிலை ராஜகோபுரமாக எழுந்துவிட்டது.

2017இல் கோயில் புனரமைப்புக்கு யுனெஸ்கோ விருது கிடைத்தது. மனசு நிறைந்தது. ஆனால் கோயிலைச் சுற்றி இருக்கும் ஓட்டு வீடுகளும் திண்ணைகளும் அந்தக் கோயிலின் பகுதிதான் என்று நான் நினைக்கிறேன். அவை ஒவ்வொன்றாகப் போகின்றன. வீட்டுக்காரர்களையும் குறை சொல்ல முடியாது. ஒழுகும் ஓட்டை எத்தனை மழைக்கு மாற்றுவார்கள்?

"தூண் எங்கண்ணே போகுது?" என்று கேட்டேன்.

"பழைய மரக்கடைக்குப்பா" என்றார் மேஸ்திரி.

லாரியில் ஏற்றும் முன் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். வெயிலில் கிடந்தும் அந்தத் தேய்ந்த இடம் மட்டும் குளுகுளுவென்று இருந்தது.