ரெண்டு பேர் பெயரும் இருக்கணும்

கல்யாணமாகி அமெரிக்கா வரும் யார் என்னிடம் யோசனை கேட்டாலும் நான் முதலில் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: வீட்டு லீஸில், அதாவது வாடகை ஒப்பந்தத்தில், உங்கள் பெயர் இருக்கிறதா? குளிருக்கு எந்தக் கோட், மளிகைக்கு எந்தக் கடை என்பதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர்களே சொல்லிவிடுவார்கள். லீஸைப் பற்றி யாரும் சொல்ல மாட்டார்கள், ரெண்டு வருஷம் கழித்து வக்கீல் கேட்கும்போதுதான் வீட்டில் ஆளுக்கு ஒரு பக்கம் தேடுவார்கள்.

காரணம் இதுதான். கணவரோ மனைவியோ அமெரிக்கக் குடியுரிமை உள்ளவர், அவர் வழியாக நமக்குக் கிரீன் கார்டு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த அந்தஸ்து கிடைக்கும் நாளில் கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகியிருக்காவிட்டால், கிடைப்பது பத்து வருஷக் கார்டு அல்ல, நிபந்தனையோடு கூடிய ரெண்டு வருஷக் கார்டு. இந்தியாவில் விசா வாங்கி வந்தால் அதில் சி.ஆர்.1 என்று போட்டிருக்கும், இங்கேயே இருந்து மாற்றிக்கொண்டால் சி.ஆர்.6. கார்டுக்காகப் பொய்க் கல்யாணம் செய்கிறார்கள் என்று 1986-ல் ஒரு சட்டம் போட்டார்கள், அதில் வந்தது இந்த ஏற்பாடு. வேலை பார்க்கலாம், ஊருக்குப் போய் வரலாம், மற்ற கிரீன் கார்டுக்காரர்களுக்கு உள்ள உரிமையெல்லாம் உண்டு. ஆனால் கார்டு முடிவதற்கு முந்தைய 90 நாளுக்குள் ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, நிபந்தனையை நீக்கச் சொல்லி ஐ-751 என்ற மனுவை அனுப்ப வேண்டும். முன்னாலேயே அனுப்பினால் திரும்பி வரும். அனுப்பாமலே விட்டால் அந்தஸ்து போய்விடும், நாடுகடத்தும் வழக்கு வரைக்கும் போகும்.

நான் 2022-ல் வந்தேன். மும்பையில் இருக்கும் அமெரிக்கத் துணைத் தூதரகத்தில்தான் விசா நேர்காணல். எங்களுடையது வீட்டில் பார்த்துச் செய்து வைத்த கல்யாணம், ஜாதகம் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பெண் பார்த்து, அப்புறம் ஃபோனில் பேசிப் பழகி நடந்தது. இதை எப்படிப் புரிய வைப்பது என்று நான் பயந்துகொண்டே போனால், அங்கே இருந்த பெண் அதிகாரிக்கு இதெல்லாம் தினமும் பார்க்கிற விஷயம். எங்கள் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பார்த்தார். தாத்தா பாட்டியில் தொடங்கி தாய்மாமன், பங்காளிகள், 'தங்கள் நல்வரவை விரும்பும்' என்று ஒரு பக்கம் முழுக்கப் பெயர். இத்தனை பேரைக் கூட்டி வைத்து யார் பொய்க் கல்யாணம் செய்வார்கள்? தமிழில் இருக்கும் எந்தக் காகிதத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டும், இரண்டு மொழியும் தெரிந்த ஒருவர் 'இது முழுமையானது, சரியானது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும், அதற்கு ஏஜென்டிடம் ஆயிரக்கணக்கில் கொடுக்க வேண்டியதில்லை.

ஆனால் ஐ-751-க்குப் பத்திரிகை உதவாது. கல்யாணம் நடந்ததா என்பது முதல் சுற்றிலேயே முடிந்த கதை. இப்போது அவர்கள் பார்ப்பது, அதற்கப்புறம் நீங்கள் ஒரே குடும்பமாக வாழ்ந்தீர்களா என்பதை. இங்கேதான் நம் வீட்டுப் பழக்கம் இடிக்கிறது. மிச்சிகனில் காண்டன் பக்கம் எங்கள் அபார்ட்மென்ட். நான் வரும்போது லீஸ் என் கணவர் பெயரில், கரண்ட் பில் அவர் பெயரில், கார், இன்ஷூரன்ஸ், ஃபோன், பேங்க் எல்லாம் அவர் பெயரில். கேட்டால் "எல்லாம் ஒண்ணுதானே, எதுக்கு தனித்தனியா எழுதணும்?" என்பார். தப்பான மனிதர் இல்லை. அவர் அப்பா அப்படித்தான் வைத்திருந்தார், என் அப்பாவும் அப்படித்தான். எங்கள் ஊரில் தோட்டத்துப் பத்திரம் முதல் கேஸ் சிலிண்டர் புக் வரை ஆண் பெயரில்தான் கிடக்கும், பெண் பெயர் வருவது ரேஷன் கார்டிலும் நகைக்கடன் ரசீதிலும்.

அமெரிக்க அரசாங்கம் பெண்ணுரிமைக்காக இந்தச் சட்டத்தைப் போடவில்லை, சந்தேகத்தில் போட்டது. இருந்தாலும் அதன் புண்ணியத்தில் என் பெயர் ஏறாத இடத்திலெல்லாம் ஏறியது. லீஸ் புதுப்பிக்கும்போது அபார்ட்மென்ட் ஆபீசில் நானும் போய் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டேன். கூட்டுக் கணக்கு ஆரம்பித்து அவர் சம்பளத்தில் பாதியாவது அதில் விழும்படி செய்தோம், ஏனென்றால் பெயருக்கு ஒரு கணக்கைத் திறந்து நூறு டாலரைப் போட்டு வைத்தால் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிடும், வாடகையும் மளிகையும் அதிலிருந்து போக வேண்டும். வரி கணவன் மனைவி கூட்டாகக் கட்டினோம், ஐ.ஆர்.எஸ். என்ற வரித்துறையின் தளத்திலிருந்து அதற்கான டிரான்ஸ்கிரிப்ட் எடுக்கலாம், இதைவிடக் கனமான சாட்சி குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் மட்டும்தான் என்று வக்கீல் சொன்னார். என் கணவருடைய 401கே என்ற ஓய்வுகாலச் சேமிப்பில் நாமினி மாமியார் பெயரில் இருந்தது. அதை மாற்றச் சொன்னபோது வீட்டில் ரெண்டு நாள் ஒரு மாதிரி மௌனம். அத்தையிடம் அவரே பேசிப் புரிய வைத்தார், நான் வாயைத் திறக்கவில்லை, அதுதான் புத்திசாலித்தனம்.

ஃபோட்டோவை அள்ளிப் போடாதீர்கள். வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு ஆட்களோடு எடுத்த சிலது போதும். பாண்டியாக் பராசக்தி கோயிலில் எடுத்தது, ரெண்டு வீட்டுப் பெரியவர்களும் வந்திருந்தபோது எடுத்தது, அந்த மாதிரி. எங்களைத் தெரிந்த ரெண்டு பேரிடம் உறுதிமொழிக் கடிதமும் வாங்கினோம், அதில் ஒருவர் எதிர்வீட்டு வெள்ளைக்காரப் பாட்டி. "பனி கொட்டினால் அந்தப் பையன் என் வண்டியைத் தோண்டி எடுப்பான், அவன் மனைவி ஜன்னலில் நின்று தப்பு சொல்வாள்" என்று எழுதிக் கொடுத்தார். அதைவிட நல்ல சாட்சி எந்த பேங்கும் தராது.

கட்டணம் 2024 ஏப்ரலில் இருந்து 750 டாலர். அப்போது தபாலில்தான் அனுப்பினோம். சில வாரத்தில் ரசீதுக் கடிதம் வரும், அதில் பழைய கார்டு முடிந்த தேதிக்கு மேல் 48 மாதம் செல்லும் என்று போட்டிருக்கும். பழைய கார்டோடு சேர்ந்து அந்தக் காகிதம்தான் அப்புறம் உங்கள் கிரீன் கார்டு. அதைப் பத்திரமாக வைப்பது ஒரு வேலை என்றால், எதிரே இருப்பவருக்கு விளக்குவது இன்னொரு வேலை. சென்னையில் இருந்து திரும்பும்போது விமான கவுன்டரில் இருந்த பையன் கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "மேடம், இது எக்ஸ்பயர் ஆயிடுச்சு" என்றான். கடிதத்தைக் கொடுத்தேன். சூப்பர்வைசரைக் கூப்பிட்டான். அவர் இன்னொருவருக்கு ஃபோன் போட்டார். வழியனுப்ப வந்த அம்மா கண்ணாடிக்கு வெளியே நின்று சைகையில் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் விட்டுவிட்டார்கள். கடிதத்தின் அசலையே கொண்டுபோங்கள், நேரத்தோடு போங்கள்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் நகரக் கூடாது. 'ரெண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்' என்பதையே சில வீடுகளில் மிரட்டலாக வைத்திருக்கிறார்கள். "நான் கையெழுத்துப் போடலைன்னா நீ ஊருக்குப் போக வேண்டியதுதான்" என்று. அது பொய். மனசாரச் செய்த கல்யாணம் விவாகரத்தில் முடிந்தாலும், அடியோ கொடுமையோ நடந்தாலும், திருப்பி அனுப்பினால் மிகக் கடுமையான பாதிப்பு வரும் என்றாலும், கணவன் கையெழுத்து இல்லாமல் தனியாகவே ஐ-751 போடலாம், அதற்கு அந்த 90 நாள் கணக்கும் கிடையாது. அப்போதும் கல்யாணம் உண்மையானது என்று காட்ட வேண்டும், அதனால்தான் நல்லபடியாக இருக்கும்போதே உங்கள் பெயரை எல்லாவற்றிலும் ஏற்றி, பிரதி எடுத்து உங்கள் ஈமெயிலில் போட்டு வைக்கச் சொல்கிறேன். குடும்ப வன்முறை என்றால் 1-800-799-7233 என்ற தேசிய உதவி எண் நாள் முழுக்க இயங்குகிறது, நியூஜெர்சிப் பக்கம் தெற்காசியப் பெண்களுக்காக மானவி அமைப்பு 1985-ல் இருந்து இருக்கிறது.

குடியுரிமைக்கு வருவோம். சாதாரணமாகக் கிரீன் கார்டு வாங்கி ஐந்து வருஷம். குடியுரிமை உள்ள துணையோடு சேர்ந்து வாழ்பவர்களுக்கு மூன்று வருஷம், அதிலும் 90 நாள் முன்னதாகவே என்-400 என்ற குடியுரிமை விண்ணப்பத்தைப் போட்டுவிடலாம். நிபந்தனைக் கார்டில் இருந்த காலமும் கணக்கில் சேரும், முதல் நாளில் இருந்தே எண்ணலாம். மூன்று வருஷத்தில் 18 மாதமாவது இந்த மண்ணில் இருந்திருக்க வேண்டும். நம்மவர்கள் சறுக்குவது பிரசவத்தில்தான். ஏழாம் மாசம் வளைகாப்பு முடிந்து தாய்வீட்டுக்குப் போய், குழந்தைக்கு மொட்டையடித்துவிட்டு வரலாம் என்று இருந்தால் ஆறு மாதம் தாண்டிவிடும். ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருந்தால் இங்கே வசித்த தொடர்ச்சி விட்டுப்போச்சு என்றுதான் முதலில் எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று நிரூபிப்பது நம் பாடு. அம்மாவை இங்கே வரவழைப்பது நல்லது, அம்மாவுக்கு விசா கிடைத்தால்.

ஐ-751 முடியாமல் கிடக்கும்போதே என்-400 போடலாம். நான் அப்படித்தான் 2025-ல் போட்டேன், ஆன்லைனில் 710 டாலர், காகிதத்தில் என்றால் 760. வருமானம் குறைவாக இருந்தால் 380-க்கே முடியும். ரெண்டையும் ஒரே நேர்காணலில் வைத்து முடிப்பதுண்டு, அதனால் கணவரும் கூட வர வேண்டும். நான் குடிமைக் கேள்விகளைப் படித்துப் படித்து மனப்பாடமாக வைத்திருந்தேன். எனக்குப் பழைய முறை, 100 கேள்வியில் இருந்து பத்து கேட்பார்கள், ஆறு சரியானால் பாஸ். 2025 அக்டோபர் 20 முதல் விண்ணப்பித்தவர்களுக்கு 128 கேள்வி, இருபது கேட்டு பன்னிரண்டு சரியாகச் சொல்ல வேண்டும். அதிகாரி எங்கள் கல்யாணத்தைப் பற்றிக் கேட்டது கொஞ்சம்தான். கார் இன்ஷூரன்ஸ் மாதம் எவ்வளவு என்று என் கணவரிடம் கேட்டார். அவர் என் முகத்தைப் பார்த்தார். ரெண்டு வருஷமாக எல்லா பில்லையும் கட்டுவது நான்தானே! தொகையைச் சொன்னேன், அதிகாரி சிரித்துக்கொண்டே ஏதோ எழுதினார்.

விண்ணப்பத்தில் கம்யூனிஸ்ட் கட்சியில் இருந்ததுண்டா என்றும் ஒரு கேள்வி. எங்கள் ஊர்ப்பக்கம் மில்லும் செங்கொடிச் சங்கமும் இல்லாத தெருவே கிடையாது. கேட்பது உங்களைப் பற்றி மட்டும்தான், மாமா சித்தப்பாவைப் பற்றி இல்லை. நீங்களே உறுப்பினராக இருந்திருந்தால் மறைக்காமல் வக்கீலைக் கேட்டுவிட்டுப் பதில் எழுதுங்கள். அதேபோல், லைசென்ஸ் எடுக்கப் போகும் இடத்தில் வாக்காளராகப் பதிகிறீர்களா என்று போகிற போக்கில் கேட்பார்கள். குடியுரிமை வரும்வரை பதில் 'இல்லை' மட்டுமே. தெரியாமல் ஆமாம் என்று டிக் அடித்து, ஓட்டும் போட்டு, அதனாலேயே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு.

பெயர் விஷயம் பாக்கி. என் இந்தியப் பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் கட்டம் காலி, தேன்மொழி சின்னசாமி மொத்தமும் ஒரே கட்டத்தில் இருந்தது. விசா அடிக்கும்போது அது முழுசும் குடும்பப்பெயராகி, என் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்.என்.யு. என்று விழுந்தது, பெயர் தெரியவில்லை என்பதற்கான சுருக்கம். மூன்று வருஷமாக மருந்துக்கடையில் "ஃப்னூ? மிஸ் ஃப்னூ?" என்று கூப்பிட்டால் நான் எழுந்து போக வேண்டும். ஒருமுறை கிளினிக்கில் ஃப்னூ என்றதும் நானும் ஒரு தெலுங்குப் பையனும் சேர்ந்தே எழுந்தோம். என்-400-லேயே பெயர் மாற்றம் கேட்கலாம், தனிக் கட்டணம் கிடையாது, ஆனால் அப்படிக் கேட்டால் நீதிபதி முன்னால் நடக்கும் உறுதிமொழி விழாவுக்குத்தான் போக வேண்டும். கணவர் பெயரைப் போட்டுக்கொள்வேன் என்று அவர் வீட்டில் நினைத்திருந்தார்கள். எனக்கு அப்பா பெயரே குடும்பப்பெயராக இருக்கட்டும் என்று எழுதினேன். டெட்ராய்ட் நீதிமன்றத்தில் கையை உயர்த்திவிட்டு வெளியே வந்தபோது சான்றிதழில் தேன்மொழி என்று தனியாக, அதன் இடத்தில் இருந்தது. இனி லைசென்ஸ், சோஷியல் செக்யூரிட்டி, பேங்க் என்று ஒவ்வொரு இடமாக அதைக் காட்டி ஃப்னூவை எடுக்க வேண்டும்.

இந்தியா இரட்டைக் குடியுரிமை தருவதில்லை. உறுதிமொழி எடுத்த அன்றே, 1955-ம் வருஷச் சட்டப்படி இந்தியக் குடியுரிமை தானாக முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் பழைய பாஸ்போர்ட்டில் ஊருக்கு டிக்கெட் போடக் கூடாது. முதலில் அமெரிக்கப் பாஸ்போர்ட், அடுத்து இந்தியப் பாஸ்போர்ட்டை வி.எஃப்.எஸ். என்ற விண்ணப்ப நிறுவனம் வழியாக ஒப்படைத்துச் சான்றிதழ், அப்புறம் வெளிநாட்டுக் குடியுரிமை எடுத்த இந்தியர்களுக்கான ஓ.சி.ஐ. அட்டை. அவசரம் இருப்பவர்கள் நடுவில் விசா வாங்கிப் போகலாம்.

அம்மாவிடம் சொன்னதும் "அப்ப தோட்டத்துப் பங்கு என்னாகும் கண்ணு?" என்றுதான் கேட்டார். ஓ.சி.ஐ. இருந்தால் வீடு வாங்கலாம், விவசாய நிலம் வாங்க முடியாது, ஓட்டும் கிடையாது. ஆனால் அப்பா வழியில் வாரிசாக வருவதற்குத் தடை இல்லை. அதை விளக்கிவிட்டு, வாரிசுச் சான்றிதழில் என் பெயர் வரும்போது பாஸ்போர்ட்டில் இருப்பது போலவே எழுத்துப் பிசகாமல் வர வேண்டும் என்றேன். "உங்கண்ணன்கிட்ட சொல்றேன்" என்றார். "அண்ணன்கிட்ட வேண்டாம்மா, அடுத்த தடவை நானே வந்து தாலுகா ஆபீசில் பார்த்துக்கறேன்" என்றேன்.