அறை வாடகையில் தொடங்கிய கணக்கு

சென்ற ஆண்டு அம்மாவுக்குப் பித்தப்பைக் கல் அறுவை சிகிச்சை தேவைப்பட்டபோது, என் நிறுவனம் எடுத்துத் தந்திருந்த மூன்று லட்ச ரூபாய்க் குழுக் காப்பீட்டை நம்பித் தனியார் மருத்துவமனையில் சேர்த்தேன். அறை வாடகைக்கு அந்தப் பாலிசி ஒதுக்கியிருந்தது காப்பீட்டுத் தொகையில் ஒரு சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 3,000 ரூபாய். நாங்கள் எடுத்த அறையின் வாடகை 5,000 ரூபாய். கூடுதலான 2,000 ரூபாயை மட்டும் கட்டினால் போதும் என்றிருந்தேன். ஆனால் டிஸ்சார்ஜ் அன்று பார்த்தால், மருத்துவர் கட்டணத்திலும் அறுவை அரங்கக் கட்டணத்திலும் அறை வாடகை வரம்பை மீறிய அதே விகிதத்தில் நூற்றுக்கு நாற்பது ரூபாய் கழிக்கப்பட்டிருந்தது. கையுறைக்கும் முகக்கவசத்திற்கும் காப்பீட்டுப் பணமே இல்லை என்றார்கள். சிகிச்சையில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. மூன்றாம் நாளே அம்மா தானாக நடந்து வீட்டுக்கு வந்தார்.

ஆனால் அம்மாவின் உடல்நலம் அந்த மூன்று நாட்களோடு முடிவதன்று. பன்னிரண்டு ஆண்டுகளாக அவருக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இருக்கின்றன. உள்நோயாளியாகச் சேர்ந்தால் மட்டுமே பணம் தரும் என் பாலிசி மாத மாத்திரைக்கு ஒரு ரூபாயும் தராது. அதைப் பார்த்துக்கொள்வது அரசு மருத்துவமனை. ஓபி சீட்டுக்குக் காலை ஏழு மணிக்கே வரிசையில் நிற்க வேண்டியிருப்பதும், மருத்துவர் இரண்டு நிமிடங்களுக்கு மேல் பேச முடியாமல் திணறுவதும் உண்மையே. ஆயினும் ‘விற்பனைக்கு அல்ல’ என்று அச்சிட்ட மாத்திரை அட்டைகள் மாதந்தோறும் அம்மாவின் பையில் வந்து சேர்கின்றன. 1994-இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மாநிலம் முழுமைக்கும் மொத்தமாக டெண்டர் விட்டு வாங்கி, மாதிரிகளை ஆய்வகத்தில் சோதித்த பின்னரே அனுப்பும் மருந்துகள் அவை. இலவசம் என்பதாலேயே தரம் குறைந்தவை என்று பேசுவது எனக்கு வருத்தமளிக்கிறது.

இவ்விரண்டுக்கும் நடுவில் இருப்பது ஈஎஸ்ஐ எனும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டம். மாதம் 20,000 ரூபாய் வாங்கும் என் தம்பியிடம் 0.75 சதவீதமாக 150 ரூபாயும், அவன் முதலாளியிடம் 3.25 சதவீதமாக 650 ரூபாயும் பிடிக்கிறார்கள். அதற்கு அவன் மனைவிக்கும் குழந்தைக்கும் சேர்த்துப் புறநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் கிடைப்பதோடு, அவன் நோயில் படுத்தால் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை எழுபது சதவீத ஊதியமும் உண்டு. 2017-இல் வகுத்த 21,000 ரூபாய் ஊதிய வரம்பை அடுத்த உயர்வில் அவன் கடந்துவிடுவான்; பிறகு அவனுக்கும் வேலையை விட்டால் நின்றுவிடும் குழுக் காப்பீடுதான். பாலிசியைக் கையில் வாங்கியதும் அறை வாடகை வரம்பை முதலில் பார்க்கும்படி அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.