கேட் ஜியாலஜி: ரெகோலித்தைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள்

கேட் (GATE) தேர்வின் ஜியாலஜி தாளுக்குத் தயாராகும் பலர் பாறைச் சிதைவையும் ரெகோலித்தையும், அதாவது அடிப்பாறையை மூடிக் கிடக்கும் தளர்ந்த அடுக்கையும், ஒரே மூச்சில் ஓட்டிவிடுகிறார்கள். எனக்கு இந்தப் பகுதி பிடிபட்டது லேட்டரைட் (பாறை சிதைந்து உண்டாகும், இரும்பு மிகுந்த செம்புரைக்கல்) வெட்டுமுகம் ஒன்றை அடியிலிருந்து படிக்கத் தொடங்கிய பிறகுதான்.

1807-இல் பிரான்சிஸ் புக்கானன் லேட்டரைட்டை விவரித்தது கேரளத்து அங்காடிப்புரத்தை வைத்து. முடிந்தால் மலப்புரம், கண்ணூர் பக்கம் கல் வெட்டும் குழி ஒன்றை நேரில் பாருங்கள். அடியில் சிதையாத பாறை. அதற்கு மேல் சாப்ரோலைட், அதாவது இருந்த இடத்திலேயே சிதைந்த பாறை. கையால் அழுத்தினாலே உதிர்ந்துவிடும், ஆனால் நைஸ் (gneiss) பாறையின் வரிகளும் குவார்ட்ஸ் நரம்பும் இடம் மாறாமல் அப்படியே இருக்கும். பாறை நகரவில்லை, அதிலிருந்த சத்துதான் கரைந்து போயிருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். அப்புறம் வெளிறிய களிமண், சிவப்பும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டான அடுக்கு, உச்சியில் இரும்பு இறுகிய மேலோடு. எல்லா இடத்திலும் எல்லா அடுக்கும் இருக்காது.

இதைப் படமாக வரைந்து, ஒவ்வொரு அடுக்குக்கும் பக்கத்தில் எது போனது, எது தங்கியது என்று எழுதுங்கள். சோடியம், கால்சியம், மக்னீசியம் முதலில் போகும். சிலிக்காவும் மெல்லக் கரையும். இரும்பும் அலுமினியமும் தங்கும். இந்தப் படம் கைவசம் இருந்தால் அலுமினியத் தாதுவான பாக்சைட் எப்படி உருவாகிறது என்பதைத் தனியாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. கோல்டிச் என்ற புவியியலாளர் 1938-இல் தந்த கனிமச் சிதைவு வரிசையும், ஆலிவின் முதலில் சிதையும், குவார்ட்ஸ் கடைசி வரை நிற்கும் என்று, தானாகவே நினைவில் நிற்கும்.

கணக்குக்கு நெஸ்பிட், யங் இருவரும் 1982-இல் தந்த வேதிச் சிதைவுக் குறியீடு முக்கியம். அலுமினா, கால்சியம், சோடியம், பொட்டாசியம் ஆக்சைடுகளின் கூட்டுத்தொகையில் அலுமினாவின் பங்கு எத்தனை சதவீதம் என்பதுதான் அது. எடை விகிதத்தை அப்படியே போடாதீர்கள், மோல் கணக்குக்கு மாற்றுங்கள். கால்சைட்டில் (கார்பனேட் கனிமம்) உள்ள கால்சியத்தைக் கழித்துவிடுங்கள். ஃபெல்ட்ஸ்பார் கனிமமான ஆல்பைட்டில் அலுமினாவும் சோடியம் ஆக்சைடும் ஒன்றுக்கு ஒன்று, ஆகவே விடை 50. களிமண் கனிமமான கயோலினைட்டில் மற்ற மூன்றும் இல்லை, ஆகவே 100. இந்த இரண்டையும் நீங்களே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

நிலாவின் ரெகோலித்தை மட்டும் இந்தப் படத்தோடு சேர்க்காதீர்கள். அங்கே நீரின் வேலை இல்லை, விண்கற்கள் மோதி நொறுக்கிய தூள் அது.