இரும்பாணி இல்லாத உளிப்பெட்டி

ராமேஸ்வரத்துக்கு முந்தின கடலோர ஊரான மண்டபத்தில் இரும்பு வைத்திருப்பவர்களுக்கு உப்புக்காற்றைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வடக்கே கொஞ்ச தூரம் நடந்தால் வடகடல், தெற்கே நடந்தால் தென்கடல். வாடைக்காற்று அடித்தாலும் கச்சான்காற்று அடித்தாலும் ஜன்னல் கம்பிக்கு விடிவு கிடையாது. தச்சு பழகலாம் என்று ஆசை ஆசையாய் வாங்கிய உளிகளைத் திறந்த அலமாரியில் வைத்தால், தீட்டிய வாயிலேயே செம்புள்ளி விழுகிறது. அதனால் முதல் வேலையாக உளி வைக்க ஒரு பெட்டி செய்வது என்று முடிவு செய்தேன்.

எங்கள் பக்கம் வத்தை என்கிற மரப்படகு கட்டும் ஆசாரி ஒருவர் இருக்கிறார். மாமா என்றுதான் கூப்பிடுவேன். நாலு பலகையை ஆணி அடித்துச் சேர்த்தால் போதுமா என்று கேட்டேன். "இரும்பாணி வேணாம் தம்பி. துருப்பிடிச்சா ஆணி பருக்கும், பலகைய உள்ளேருந்தே பிளந்துரும். பசையும் மூங்கிலும் போதும்" என்றார். அந்த ஒரு பேச்சில்தான் பெட்டியின் மொத்த வடிவமும் எனக்குக் கிடைத்தது.

பலகைக்கு ராமநாதபுரம் மரவாடியில் பூவரசு வாங்கினேன். நம் கரையோரத்து மரம், உப்பு மண்ணிலும் வளரும். வைரம் பாய்ந்த பகுதி கருஞ்சிவப்பாக இருக்கும். பச்சை மரம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். காற்றில் காய்வதற்கு அங்குலக் கனத்துக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் என்பது பழைய கணக்கு. அறுத்து நாளான பலகையாகக் கேட்டு வாங்கி, வீட்டுக்குள் ரீப்பர் கட்டைகளை இடைவெளிக்குக் கொடுத்து அடுக்கி வைத்துவிட்டு, அப்புறம் கை வையுங்கள்.

உள்நீளம் 14 அங்குலம், பக்கப் பலகை முக்கால் அங்குலக் கனம். பலகையைச் சீவும் இழைப்புளி பிடிக்கும்போது நார் எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று பலகையின் விளிம்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். நாரோடு இழைத்தால் சுருள் முழுசாக வரும். எதிர்த்து இழைத்தால் பிய்த்துக்கொண்டு வரும். கணு பக்கத்தில் ஓட்டம் மாறினால் பலகையைத் திருப்பிப் போடுவதே வழி.

மூலைக்கு நான் எடுத்துக்கொண்டது எளிமையான இணைப்பு. நீளப் பலகையின் இரண்டு முனையிலும் உள்பக்கம் ஒரு படி வெட்டுகிறோம். அகலம் முக்கால் அங்குலம், ஆழம் பாதிக் கனம். குட்டைப் பலகை அதில் உட்கார்ந்துகொள்ளும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், அடிப்பலகையைச் செருக எடுக்கும் காடி, அதாவது நீளப் பள்ளம், கால் அங்குல ஆழம்தான் என்பது. படி அதைவிட ஆழம். அதனால் காடியை முனை முதல் முனை வரை ஒரே ஓட்டமாக இழைத்துவிட்டாலும் வெளியே ஓட்டை தெரியாது, மூலை மறைத்துவிடும். பழகுகிறவனுக்கு இது பெரிய நிம்மதி.

அடிப்பலகைக்கு மட்டும் பசை போடக் கூடாது. மரம் நீளவாக்கில் அசையாது, குறுக்கேதான் ஈரத்துக்கு ஊதும், காய்ந்தால் சுருங்கும். பசையில் இறுக்கினால் பலகை வெடிக்கும், இல்லையென்றால் மூலை விடும். கோடையில் செய்தால் காடிக்குள் இரண்டு பக்கமும் கொஞ்சம் இடம் விடுங்கள், ஐப்பசி மழையில் அது நிரம்பிவிடும். மழைக்காலத்தில் செய்கிறவர்கள் நெருக்கமாகவே வைக்கலாம், பிறகு அது சுருங்கத்தான் போகிறது.

ஒட்டுவதற்குத் தண்ணீர் தாங்கும் மரைன் வகை பெவிகால். கிளாம்ப் இல்லாதவர்கள் பழைய சைக்கிள் டியூபை இழுத்துச் சுற்றினால் நன்றாகப் பிடிக்கும். பசை காய்வதற்குள் மூலைக்கு மூலை டேப் வைத்து அளந்துவிட வேண்டும். இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் மூலைகள் செங்கோணம்; இல்லையென்றால் நீளமான குறுக்களவின் இரண்டு மூலைகளையும் உள்நோக்கி லேசாக அழுத்தினால் நேராகும்.

பசை காய்ந்ததும் மூங்கில் ஆணி. காய்ந்த மூங்கிலைக் கத்தியால் கீறி, நுனி மெலிந்து வரும்படி சீவிக்கொள்வது. மேல்தோல் பக்கம்தான் உறுதி, அதை விட்டுவிடக் கூடாது. துளையைக் கொஞ்சம் சாய்த்துப் போட்டு, ஒன்று இப்படி ஒன்று அப்படி என்று அடித்தால் பலகையைக் கவ்விக்கொள்ளும். கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியால் தட்டும்போது சத்தம் கவனியுங்கள். பொத்தென்று கேட்கிற வரை இறங்குகிறது. டொக்கென்று கெட்டியாக மாறினால் அடி தொட்டுவிட்டது, நிறுத்திவிட வேண்டும். மிச்சத்தை ரம்பத்தால் அறுத்து உப்புத்தாள் போட்டால் வெளியில் சின்ன வெளிர் புள்ளிகள் மட்டும்.

கீல் வைத்தால் மறுபடி உலோகம் வரும். பித்தளை தாங்கும்தான், ஆனால் எனக்கு மனசில்லை. எனவே நழுவும் மூடி. மேலேயும் ஒரு காடி. முன்பக்கக் குட்டைப் பலகையைக் காடியின் கீழ் ஓரம் வரை தாழ்த்தி, அறுத்த துண்டையே மூடியின் முனையில் சேர்த்தேன். நடுவில் மட்டும்தான் பசை, இரு ஓரமும் அசையட்டும். காடியில் மெழுகுவர்த்தியைத் தேய்த்ததும் ஒரு விரலால் தள்ளலாம்.

வெளியே லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) இரண்டு பூச்சு. எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கி மூலையில் போட்டுவிடாதீர்கள், அது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும், விரித்துக் காயப்போடுங்கள். உளிகளுக்குத் தையல் மிஷின் எண்ணெய் தடவி, பெட்டிக்குள் ஒரு துண்டு கற்பூரமும் போட்டிருக்கிறேன். இழைப்புளி இதில் கொள்ளாது. அதற்கு இன்னும் ஆழமாக ஒன்று வேண்டும், வேம்பில் செய்யலாமா என்று மாமாவிடம் கேட்க வேண்டும்.